2 ஜிபி லேப்டாப்ல இசட்ராம் போட்டும் ஹேங் ஆகுது, டிஸ்க் ஸ்வாப் தான் நிரம்புது, ஏன்?

கடைக்கணினி:

வணக்கம். சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கவுண்டர்ல ஒரு பழைய லேப்டாப், செலரான் என்2840, ரேம் 2 ஜிபி, டிஸ்க் 500 ஜிபி, எஸ்எஸ்டி இல்லீங்க, சுத்துற டிஸ்க்கு தான். டெபியன் 12, எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப். செட் பண்ணி குடுத்தது தெரிஞ்ச பையன் ஒருத்தன், இப்ப வேலைக்கு வெளியூர் போய்ட்டான், போன் பண்ணா "அதான் இசட்ராம் போட்டு விட்டுருக்கேனேக்கா, 2 ஜிபி இனி 4 ஜிபி மாதிரி ஓடும்"ங்கறான். ஓடல.

காலைல ஆன் பண்ணா நல்லா தான் இருக்கு. பயர்ஃபாக்ஸ்ல வாட்ஸ்அப் வெப் நாள் பூரா திறந்தே கிடக்கும், கஸ்டமர் எல்லாம் அதுல தானே ஃபைல் அனுப்புறாங்க, அதோட இன்னும் ரெண்டு மூணு டேப், லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர், ஒரு பிடிஎஃப் வ்யூவர், அவ்வளவு தான். ஸ்கூல் விடுற நேரத்துக்கு கூட்டம் வந்து யாராவது மொபைல்ல ஸ்கேன் பண்ண பெரிய பிடிஎஃப் ஒண்ண அனுப்பிட்டா போச்சு, மவுஸ் அப்படியே நின்னுடும், டிஸ்க் லைட் அணையாம எரியும், ஆல்ட் டேப் அடிச்சா ஜன்னல் மாற அரை நிமிஷம் ஆகும், சில சமயம் பவர் பட்டன அமுக்கி தான் வெளிய வர வேண்டியிருக்கு. கவுண்டர்ல ஆள் நிக்கும்போது இது நடந்தா எப்படி இருக்கும்னு நெனச்சு பாருங்க.

நெட்ல பாத்து "ஸ்வாப்ஆன் --ஷோ" அடிச்சேன் (ஸ்வாப், அதாவது ரேம் பத்தாதப்ப டேட்டாவ தள்ளி வைக்கிற இடம், எவ்வளவு நிரம்பியிருக்குன்னு காட்டுமாம்), ஹேங் ஆகி கொஞ்சம் தெளிஞ்ச நேரத்துல எடுத்தது:

இசட்ராம்0 – பார்ட்டிஷன் – சைஸ் 256எம் – யூஸ்டு 256எம் – ப்ரயாரிட்டி 100
எஸ்டிஏ5 – பார்ட்டிஷன் – சைஸ் 2ஜி – யூஸ்டு 1.1ஜி – ப்ரயாரிட்டி -2

இசட்ராம் இருக்கும்போது டிஸ்க் ஸ்வாப்புக்கு ஏன் இவ்வளவு போகுது? இசட்ராம்ங்கறது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கிறது, டிஸ்க்க தொடாதுன்னு தானே சொன்னாங்க? கமாண்ட் அடிக்க தெரியும், ஆனா எது எதுக்குன்னு தெரியாது, அதுக்கேத்த மாதிரி சொல்லுங்க.


பெங்குவின்பய:

சிம்பிள் ப்ரோ. டிஸ்க் ஸ்வாப்ப மொத்தமா ஆஃப் பண்ணிடுங்க. "ஸ்வாப்ஆஃப் -ஏ" அடிச்சு எஃப்எஸ்டேப் ஃபைல்ல (பூட் ஆகும்போது எந்தெந்த பார்ட்டிஷன எடுத்துக்கணும்னு சொல்ற ஃபைல்) அந்த ஸ்வாப் லைன் முன்னாடி ஒரு ஹேஷ். டிஸ்க்க தொடவே தொடாது. நான் எல்லா மெஷின்லயும் இப்படி தான் ஓட்டுறேன்.


கடைக்கணினி:

ப்ரோ இல்லீங்க, அக்கா :) சரி, இப்ப கடை ஓடிட்டிருக்கு, ராத்திரி பண்ணி பாக்குறேன்.


லோட்ஆவரேஜ்:

அக்கா, அத பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. அந்த "-ஏ" இசட்ராமையும் சேத்தே ஆஃப் பண்ணும். அதவிட முக்கியம், ஸ்வாப்ப ஆஃப் பண்றதுன்னா அதுல இருக்கறத எல்லாம் திரும்ப ரேமுக்கு கொண்டு வரணும். உங்க 2 ஜிபில ஒண்ணே கால் ஜிபிக்கு மேல வெளிய கிடக்கு, உள்ள எங்க வைக்கும்? ஒண்ணு "மெமரி ஒதுக்க முடியல"ன்னு எரர் வரும், இல்ல பயர்ஃபாக்ஸ் செத்து விழும். அப்படியே ஆஃப் ஆனாலும் நாளைக்கு இதே பிடிஎஃப் வரும்போது மெஷின் இத விட மோசமா நிக்கும், ஏன்னு கடைசில சொல்றேன்.

முதல்ல உங்க அவுட்புட்டுலயே ஒண்ணு கண்ண உறுத்துது. 256எம். 2 ஜிபி மெஷினுக்கு யாரும் தெரிஞ்சு 256 வைக்க மாட்டாங்க. டெபியன்ல இசட்ராம்-டூல்ஸ்னு ஒரு பேக்கேஜ், அத போட்டா இப்படி வரும்னு எனக்கு சந்தேகம். ஈடிசி ஃபோல்டருக்குள்ள டீஃபால்ட்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள இசட்ராம்ஸ்வாப்னு ஒரு ஃபைல் இருக்கும், அத திறந்து உள்ள என்ன இருக்குன்னு போடுங்க. கூடவே "இசட்ராம்சிடிஎல்" கமாண்ட் அவுட்புட்டும் வேணும். ஸ்வாப்ஆன் காட்டுறதும் இது காட்டுறதும் வேற வேற விஷயம், ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா தான் கதை புரியும்.


கடைக்கணினி:

ஃபைல்ல நாலே லைன் தான் முக்கியமா தெரியுது, மத்ததெல்லாம் விளக்கம்:

#ஆல்கோ=எல்இசட்4
#பர்சென்ட்=50
#சைஸ்=256
#ப்ரயாரிட்டி=100

பர்சென்ட் 50னு தானே இருக்கு? அப்ப 1 ஜிபி கிட்ட வரணும் இல்லையா?

இசட்ராம்சிடிஎல்: ஆல்கரிதம் எல்இசட்4, டிஸ்க்சைஸ் 256எம், டேட்டா 41எம், காம்ப்ர் 12எம், டோட்டல் 13எம், ஸ்ட்ரீம்ஸ் 2.


லோட்ஆவரேஜ்:

அதே தான். நாலு லைனுக்கும் முன்னாடி ஹேஷ் இருக்கு பாருங்க, ஹேஷ் இருந்தா அது வெறும் கமெண்ட், ஸ்க்ரிப்ட் அத படிக்கவே படிக்காது. பாக்கறவங்களுக்கு "ஓ, 50 பர்சென்ட் டீஃபால்ட் போல"ன்னு தோணும், ஆனா உள்ள ஸ்க்ரிப்ட்ல பர்சென்ட்டுக்குன்னு டீஃபால்ட் கிடையாது, அது குடுத்திருந்தா தான் எடுத்துக்கும், இல்லன்னா சைஸ பாக்கும், சைஸும் இல்லன்னா 256 எம்பி. அதான் உங்க 256. இது தெரியாம "இசட்ராம் போட்டேன், ஒண்ணும் மாறல"ன்னு சொல்றவங்க எத்தன பேர்னு கணக்கே இல்ல. பேக்கேஜ் போட்ட உடனே சர்வீஸ் ஓட ஆரம்பிச்சிடும், எரர் எதுவும் வராது, அதனால யாரும் திறந்து பாக்கறதில்ல.

ஆனா இன்னொண்ணு இருக்கு, அது இத விட சுவாரஸ்யம். ஸ்வாப்ஆன் என்ன சொல்லுது? இசட்ராம்0ல 256ம் நிரம்பிடுச்சுன்னு. இசட்ராம்சிடிஎல் என்ன சொல்லுது? உள்ள வந்த டேட்டா 41 எம்பி தான்னு. மீதி 215 எம்பி எங்க? ரெண்டும் ஒரே நேரத்துல எடுத்ததா?


கடைக்கணினி:

ஆமா இப்ப ரெண்டையும் ஒண்ணு பின்னால ஒண்ணா அடிச்சு பாத்தேன், அதே மாதிரி தான் வருது. 256 ஃபுல், டேட்டா 43எம்.


நள்ளிரவுடெபியன்:

நான் சொல்றேன் எங்கன்னு. இசட்ஸ்வாப் ஆன்ல இருக்கு. பந்தயம்.

அக்கா, இந்த ரெண்ட செக் பண்ணுங்க. சிஸ் ஃபோல்டர், அதுக்குள்ள மாட்யூல், இசட்ஸ்வாப், பாராமீட்டர்ஸ், அதுல எனேபிள்டுன்னு ஒரு ஃபைல், அத "கேட்" கமாண்ட்ல படிச்சா "ஒய்" இல்லன்னா "என்"னு வரும். அப்புறம் ப்ராக் ஃபோல்டர்ல மெம்இன்ஃபோ ஃபைல்ல இசட்ஸ்வாப், இசட்ஸ்வாப்டுன்னு ரெண்டு லைன் இருக்கும் (டெபியன் 12ல கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, 6.1, அதனால இருக்கும், பழைய கெர்னல்ல இந்த லைன் கிடையாது).


கடைக்கணினி:

எனேபிள்டு: ஒய்

இசட்ஸ்வாப்: 362,000 கேபி சொச்சம்
இசட்ஸ்வாப்டு: 690,000 கேபி சொச்சம்

இது என்ன புதுசா?


நள்ளிரவுடெபியன்:

பேரு ஒரே மாதிரி இருக்கறதால எல்லாரும் குழம்புற இடம் இது. ரெண்டும் ஸ்வாப்புக்கு போற பக்கங்கள (ரேம 4 கேபி துண்டா பிரிச்சா ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம்) சுருக்குறது தான், ஆனா உக்காந்திருக்கற இடம் வேற.

இசட்ராம்ங்கறது ரேம்ல ஒரு போலி டிஸ்க்க உண்டாக்கும். கெர்னல பொறுத்தவரைக்கும் அது ஒரு டிஸ்க்கு, அவ்வளவு தான். அதுல ஸ்வாப் போடலாம், ஃபைல்சிஸ்டம் கூட போடலாம். இசட்ஸ்வாப் அப்படி இல்ல, அது தனியா ஒரு ஸ்வாப்பே கிடையாது, ஏற்கனவே இருக்கற ஸ்வாப்புக்கு முன்னாடி நிக்கிற ஒரு கேஷ். ஒரு பக்கம் ஸ்வாப்புக்கு கிளம்புதுன்னு வைங்க, எந்த டிஸ்க்ல எந்த ஸ்லாட்னு முடிவாகி அந்த ஸ்லாட்டும் புக் ஆயிடும், ஆனா அங்க எழுதுறதுக்கு முன்னாடி இசட்ஸ்வாப் குறுக்க புகுந்து "இங்கயே சுருக்கி வச்சுக்கறேன்"னு புடிச்சு வச்சுக்கும். அதனால தான் உங்க இசட்ராம்ல ஸ்லாட் எல்லாம் புக் ஆகி 256 ஃபுல்னு ஸ்வாப்ஆன் சொல்லுது, ஆனா உண்மையான டேட்டா இசட்ஸ்வாப் குள்ள இருக்கு, இசட்ராமுக்கு வந்தது அந்த நாப்பது சொச்சம் எம்பி தான்.

அந்த நாப்பது எப்படி வந்ததுன்னா அது இன்னும் கொடும. இசட்ஸ்வாப்புக்கு டீஃபால்ட்டா மொத்த ரேம்ல 20 பர்சென்ட் தான் உச்சவரம்பு. உங்களுக்கு அது 370 எம்பி கிட்ட, 362ல நிக்குது, அதாவது நிரம்பி வழியுது. நிரம்பினா பழைய பக்கத்த எடுத்து விரிச்சு, அதோட ஸ்லாட் எங்கயோ அங்க எழுதும். ஸ்லாட் இசட்ராம்ல இருந்தா, விரிச்சத மறுபடி அங்க சுருக்கும். ரேம்ல இருந்து எடுத்து ரேம்லயே வைக்க ஒரு தடவ சுருக்கி, ஒரு தடவ விரிச்சு, மறுபடி சுருக்கி… ரெண்டு கோர் செலரான் பாவம்.

டெபியன் கெர்னல்ல இசட்ஸ்வாப் தானா ஆன் ஆகாது. க்ரப் (மெஷின் ஆன் ஆகும்போது கெர்னல ஏத்தி விடுறது) செட்டிங்ல யாரோ போட்டிருக்காங்க. ஈடிசி, டீஃபால்ட், க்ரப் ஃபைல்ல பாருங்க.


கடைக்கணினி:

இருக்கு இருக்கு. க்வயட்னு ஒண்ணு, அதுக்கு பக்கத்துலயே இசட்ஸ்வாப்.எனேபிள்டு=1. அதோட சிஸ்சிடிஎல்.கான்ஃப் ஃபைல்லயும் அந்த பையன் ஏதோ எழுதி வச்சிருக்கான், விஎம்.ஸ்வாப்பினஸ்=10னு. அது ஓகேவா?


பெங்குவின்பய:

அது ஓகே தான் அக்கா, ஸ்வாப்பினஸ் 10 தான் எல்லாரும் வைப்பாங்க. ஸ்வாப்ப கம்மியா யூஸ் பண்ணும்.


லோட்ஆவரேஜ்:

எல்லாரும் வைப்பாங்க, ஆமா. அது வேற காலத்து அட்வைஸ், வேற மாதிரி மெஷினுக்கு. இந்த மெஷின்ல அது நேர் எதிரா வேல செய்யும்.

ரேம் பத்தலன்னு வரும்போது கெர்னலுக்கு ரெண்டு வழி. ப்ரோக்ராம் உண்டாக்கின டேட்டாவ ஸ்வாப்புக்கு தள்ளலாம், இல்ல டிஸ்க்ல இருந்து படிச்சு ரேம்ல வச்சிருக்கற ஃபைல் பக்கங்கள தூக்கி எறியலாம், வேணும்னா மறுபடி டிஸ்க்ல படிச்சுக்கலாம்னு. ஸ்வாப்பினஸ்ங்கறது இந்த ரெண்டுல எது செலவு அதிகம்னு கெர்னலுக்கு நாம சொல்ற ஒரு எண், அவ்வளவே. 10 வச்சா "ஸ்வாப் பயங்கர காஸ்ட்லி, ஃபைல் பக்கத்த எறி"ன்னு அர்த்தம். அந்த ஃபைல் பக்கங்கள்ல என்ன இருக்கு? பயர்ஃபாக்ஸோட கோடு, லிப்ரே ஆஃபிஸ் லைப்ரரி, டெஸ்க்டாப்போட கோடு, இதெல்லாம் தான். எறிஞ்ச அடுத்த நொடி அது மறுபடி வேணும். சுத்துற டிஸ்க்ல ஒரு 4 கேபி துண்ட தேடி எடுக்க பத்து பதினஞ்சு மில்லிசெகண்ட் ஆகும், அதே துண்டு இசட்ராம்ல இருந்தா மைக்ரோசெகண்ட் கணக்கு. ஆல்ட் டேப்புக்கு அரை நிமிஷம் ஆகுதுன்னு சொன்னீங்களே, டிஸ்க் லைட் எரிஞ்சுகிட்டே இருக்குன்னு, அதுல பாதி ஸ்வாப்பே இல்ல, இந்த கோட மறுபடி மறுபடி படிக்கிறது தான்.

பெங்குவின் தம்பி, டிஸ்க் ஸ்வாப்ப ஆஃப் பண்ணா ஏன் சரியாகாதுன்னு முன்னாடி பாதில விட்டேன்ல, காரணம் இது தான். ஸ்வாப் சுத்தமா இல்லன்னா கெர்னல் கையில மிச்சம் இருக்கறது ஃபைல் பக்கம் மட்டும், அத சுரண்டிகிட்டே இருக்கும், ஸ்வாப் 0ன்னு காட்டும், லைட் மட்டும் எரியும், மெஷின் நிக்கும். உன் மெஷின்ல ரேம் எவ்வளவுப்பா?


பெங்குவின்பய:

16 ஜிபி 😅


லோட்ஆவரேஜ்:

சரி, விடு.

ஸ்வாப்பினஸ் கெர்னல் 5.8ல இருந்து 200 வரைக்கும் போகலாம், டீஃபால்ட் 60. ஸ்வாப் டிவைஸ் டிஸ்க்க விட வேகமா இருந்தா 100க்கு மேல வைக்கலாம்னு கெர்னல் டாக்குமெண்ட்லயே இருக்கு. இசட்ராமுக்கு 150, 180னு வைக்கிறவங்க உண்டு. இவங்களுக்கு டிஸ்க் ஸ்வாப்பும் கூட இருக்கறதால நான் 130 கிட்ட ஆரம்பிப்பேன்.


நள்ளிரவுடெபியன்:

அதெல்லாம் சரி, ஆனா எத வச்சுக்கறது எத எடுக்கறதுங்கறதுல நான் மாறுபடுறேன். என்ன கேட்டா இசட்ராம தூக்கிட்டு இசட்ஸ்வாப்ப வச்சுக்க சொல்வேன்.

காரணம்: இசட்ராம் + டிஸ்க் ஸ்வாப் ரெண்டும் இருந்தா ப்ரயாரிட்டி 100 முதல்ல நிரம்பும், அப்புறம் தான் -2க்கு போகும். முதல்ல ஸ்வாப்புக்கு போறது எது? காலைல பூட் ஆகும்போது லோட் ஆகி அப்புறம் யாரும் தொடாத குப்பை. அது இசட்ராம்ல சொகுசா உக்காந்துக்கும். மத்தியானம் நிஜமாவே அடிக்கடி வேணுங்கற பக்கம் வரும்போது இடம் இல்ல, டிஸ்க்குக்கு போகும். டெர்மினஸ்ல ஏறினவன் ஜன்னலோர சீட்ல குறட்ட விட்டு தூங்க, அடுத்தடுத்த ஸ்டாப்ல ஏறி இறங்குறவன் எல்லாம் படியில தொங்குற கதை தான். இசட்ஸ்வாப்ல இந்த பிரச்சன இல்ல, அது பழசா தூங்குறத எழுப்பி டிஸ்க்குக்கு அனுப்பிட்டு புதுசுக்கு இடம் குடுக்கும்.


லோட்ஆவரேஜ்:

தத்துவம் சரி, எஸ்எஸ்டி இருந்தா நானும் அத தான் சொல்வேன். ஆனா இந்த மெஷின்ல ரெண்டு இடிக்குது. ஒண்ணு, 6.1 கெர்னல்ல இசட்ஸ்வாப் டீஃபால்ட்டா இசட்பட்ங்கற முறைல வைக்கும், ஒரு 4 கேபி இடத்துல அதிகபட்சம் ரெண்டு சுருக்கின பக்கம், அதுக்கு மேல வைக்காது. எவ்வளவு நல்லா சுருங்கினாலும் ரெண்டுக்கு ஒண்ணு தான். இவங்க நம்பர பாரு, 690க்கு 362, அதுவும் ரெண்டு தொடல. இசட்ராம் சின்ன சின்ன துண்டா அடுக்கும், இவங்களோட அந்த 41க்கு 13 ஆகியிருக்கு, மூணுக்கு ஒண்ணு. கொஞ்ச டேட்டா தான், அத வச்சு சத்தியம் பண்ண முடியாது, ஆனாலும். இசட்ஸ்வாப்லயும் அந்த முறைய இசட்எஸ்மாலாக்குக்கு (இசட்ராம் அடுக்குற அதே முறை) மாத்தலாம்னு சொல்ல வருவ, மாத்தலாம், ஆனா 6.1ல அத மாத்தினா பழச டிஸ்க்குக்கு அனுப்புற வேல நடக்காது, அப்ப நீ சொன்ன லாபமே போச்சே.

ரெண்டாவது, தூங்குறவன எழுப்பி அனுப்புற இடம் சுத்துற டிஸ்க். கூட்ட நேரத்துல அந்த எழுதுற வேலையே மெஷின நிறுத்தும்.

இசட்ராம பெருசா வச்சா இவங்க வேலைக்கு டிஸ்க் வரைக்கும் போக தேவையே இருக்காதுங்கறது என் கணக்கு. 75 பர்சென்ட் வச்சு பாக்கலாம். ஃபெடோரா 33ல 2020ல இத டீஃபால்ட் ஆக்கினப்ப ரேம்ல பாதி, உச்சம் 4 ஜிபின்னு வச்சாங்க, 34ல முழு ரேம் அளவு, உச்சம் 8 ஜிபின்னு மாத்திட்டாங்க. 2 ஜிபி மெஷின்ல 100 வைக்க எனக்கு கொஞ்சம் தயக்கம், சுருங்காத டேட்டாவா வந்து நிரம்பிட்டா (ஜேபெக் படம், ஸ்கேன் பிடிஎஃப் எல்லாம் ஏற்கனவே சுருங்கினது) கோடுக்கு இடம் இல்லாம போய்டும்.

அக்கா, இந்த அளவுங்கறது சுருக்கறதுக்கு முன்னாடி உள்ள அளவு. 75 வச்சா உடனே 1.4 ஜிபி ரேம் போய்டும்னு பயப்படாதீங்க, உள்ள வந்தா தான் எடுக்கும், அதுவும் சுருங்கின அளவு. சும்மா இருக்கும்போது ரொம்ப கொஞ்சம் தான் ஆகும்.

செய்ய வேண்டியது, கடை மூடினப்புறம்:

க்ரப் ஃபைல்ல இசட்ஸ்வாப்.எனேபிள்டு=1ங்கறத மட்டும் எடுங்க, க்வயட் இருக்கட்டும், அப்புறம் சூடோ அப்டேட்-க்ரப். இசட்ராம்ஸ்வாப் ஃபைல்ல ஆல்கோ லைன்லயும் பர்சென்ட் லைன்லயும் ஹேஷ எடுத்துட்டு பர்சென்ட்ட 75 ஆக்குங்க, சைஸ் லைன தொட வேண்டாம், பர்சென்ட் இருந்தா அத பாக்காது. ஆல்கோ எல்இசட்4 இருக்கட்டும், இசட்எஸ்டிடி இன்னும் நல்லா சுருக்கும் ஆனா உங்க ப்ராசஸருக்கு முதல்ல இது போதும். சிஸ்சிடிஎல்.கான்ஃப்ல அந்த 10 லைன அழிச்சிட்டு, சிஸ்சிடிஎல்.டி ஃபோல்டர்ல 99-ஸ்வாப்.கான்ஃப்னு ஒரு ஃபைல் உண்டாக்கி விஎம்.ஸ்வாப்பினஸ்=130, விஎம்.பேஜ்-க்ளஸ்டர்=0 ரெண்டையும் அதுல போடுங்க. பின்னால டெபியன் 13க்கு போனா அந்த பழைய சிஸ்சிடிஎல்.கான்ஃப படிக்கவே படிக்காது, அதனால இப்பவே இங்க வச்சிடறது நல்லது. பேஜ்-க்ளஸ்டர் டீஃபால்ட் 3, அதாவது ஒரு பக்கம் கேட்டா பக்கத்துல உள்ளதையும் சேத்து எட்டு பக்கமா எடுக்கும். டிஸ்க்குக்கு அது லாபம், இசட்ராமுக்கு கேக்காத ஏழ விரிக்கிற தண்டச் செலவு.

சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, நேரா ரீபூட். ஓடிட்டிருக்கும்போது ரீஸ்டார்ட் பண்ணா ஸ்வாப்ஆஃப் நடக்கும், மேல சொன்ன கதை தான் ஆகும். கைல டிவைஸ் சைஸ மாத்த பாத்தாலும் "பிஸி"ன்னு தான் வரும், ரீசெட் பண்ணாம விடாது.


புதுசுங்க:

நடுவுல வர்றேன் மன்னிக்கணும். எனக்கு 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, லுபுண்டு. ஹைபர்னேட் (ரேம்ல உள்ளத டிஸ்க்ல எழுதிட்டு மெஷின அணைக்கிறது) யூஸ் பண்றேன். நானும் இசட்ராம் போடலாமா?


நள்ளிரவுடெபியன்:

ஹைபர்னேட் வேணும்னா டிஸ்க்ல ஸ்வாப் இருந்தே ஆகணும், இசட்ராம்ல ஹைபர்னேட் பண்ண முடியாது, கரண்ட் போனா ரேமே போச்சே. உங்களுக்கு இசட்ஸ்வாப் தான் பொருத்தம், க்ரப்ல ஒரு வார்த்த சேத்தா முடிஞ்சுது. இசட்ராம் பேக்கேஜ் எதுவும் கூட போடாதீங்க, இந்த த்ரெட்டே அதுக்கு தான் ஓடுது.


கடைக்கணினி:

பண்ணிட்டேன், நேத்து இன்னிக்கு ரெண்டு நாளும் கூட்டத்துல ஓட்டி பாத்துட்டு தான் எழுதுறேன். இப்ப சாயங்காலம் எடுத்தது:

ஸ்வாப்ஆன்: இசட்ராம்0 சைஸ் 1.4ஜி, யூஸ்டு 820எம். எஸ்டிஏ5 யூஸ்டு 0.
இசட்ராம்சிடிஎல்: டேட்டா 812எம், காம்ப்ர் 286எம், டோட்டல் 301எம்.

டிஸ்க் ஸ்வாப் சுத்தமா 0! வாட்ஸ்அப் டேபும் ரைட்டரும் மாத்தி மாத்தி வந்தா ஒரு நொடி யோசிக்குது, அவ்வளவு தான். மவுஸ் நிக்கல. ஆனா ஒரு தடவ மட்டும் பழைய மாதிரி ஆச்சு, ஒருத்தர் கல்யாண ஆல்பம் பிடிஎஃப் அனுப்பி அத திறந்தப்ப. அப்ப இசட்ராம் நிரம்பி எஸ்டிஏ5க்கும் 600எம் போயிருந்தது. வழக்கம் போல பவர் பட்டன். அதுக்கு ஏதாவது உண்டா?


லோட்ஆவரேஜ்:

சந்தோஷம். 820ம் 812ம் இப்ப ஒத்துப்போகுது பாருங்க, நடுவுல யாரும் இல்லன்னு அர்த்தம்.

ஆல்பம் விஷயம் வேற. அது எல்லாம் விரிஞ்ச படம், ரேம் நிஜமாவே பத்தல, சுருக்கி சமாளிக்கிற எல்லைய தாண்டிடுச்சு. அந்த நிலமைல மெஷின் நிக்கறத விட ஏதாவது ஒண்ணு செத்து மத்தது பொழைக்கறது மேல். எர்லிஊம்னு ஒரு சின்ன ப்ரோக்ராம், டெபியன்லயே இருக்கு, ஏப்ட்ல போடலாம். ஆனா சும்மா போட்டா உங்களுக்கு வேல செய்யாது. ரேமும் 10 பர்சென்ட்டுக்கு கீழ போகணும், ஸ்வாப்ல மிச்சமும் 10 பர்சென்ட்டுக்கு கீழ போகணும், ரெண்டும் சேந்தா தான் கைய வைக்கும். உங்களுக்கு 2 ஜிபி டிஸ்க் ஸ்வாப் காலியா கிடக்கும்போது அது எப்ப நிரம்பி எப்ப கொல்றது? அதுக்குள்ள நீங்களே பவர் பட்டன அமுக்கிடுவீங்க.

அதனால ஹைபர்னேட் யூஸ் பண்ணலன்னா எஸ்டிஏ5 ஆஃப் பண்ணிடலாம். பெங்குவின் தம்பி சொன்னது இப்ப பொருந்துது, இசட்ராம் பெருசா இருக்கறதால. எஃப்எஸ்டேப்ல அந்த லைன கமெண்ட் பண்ணுங்க. கூடவே ஈடிசி, இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், கான்ஃப்.டி உள்ள ரெஸ்யூம்னு ஃபைல் இருந்தா அதுல ரெஸ்யூம்=நன் போட்டு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ அடிக்கணும், இல்லன்னா ஒவ்வொரு பூட்டுக்கும் அந்த பார்ட்டிஷன தேடிகிட்டு காத்து நிக்க வாய்ப்பு இருக்கு.


பெங்குவின்பய:

பாத்தீங்களா 😎


கடைக்கணினி:

ஹைபர்னேட்லாம் இல்ல, ராத்திரி ஷட்டவுன் தான். ஆனா அது எத கொல்லும்? ரைட்டர்ல டைப் பண்ணிட்டிருக்கற கஸ்டமர் ப்ராஜக்ட் போய்ட்டா என்ன கொன்னுடுவாங்க.


நள்ளிரவுடெபியன்:

பெரும்பாலும் பயர்ஃபாக்ஸ் டேப் ஒண்ணு போகும், மறுபடி ரீலோட் பண்ணிக்கலாம். ஆனா நிச்சயமா சொல்லி வைக்கணும்னா ஈடிசி, டீஃபால்ட், எர்லிஊம் ஃபைல்ல ஆர்க்ஸ் லைன்ல --அவாய்ட்னு குடுத்து எஸ்ஆஃபிஸ்.பின் பேர போடுங்க, ரைட்டரோட ப்ராசஸ் பேரு அது தான். --ப்ரிஃபர்ல உங்க பிடிஎஃப் வ்யூவர் பேரு. அப்ப ஆல்பம் தான் முதல்ல சாகும். இருந்தாலும் ரைட்டர்ல ஆட்டோ சேவ் நேரத்த ரெண்டு நிமிஷமா குறைச்சு வைங்க.

அதோட பெரிய ஃபைல் வர்றதுக்கு முன்னாடி பயர்ஃபாக்ஸ் அட்ரஸ் பார்ல அபவுட்:அன்லோட்ஸ்னு அடிச்சா ஒரு பக்கம் வரும், அதுல பட்டன அமுக்கினா பாக்காத டேப் ஒண்ணொண்ணா மெமரில இருந்து இறங்கும், டேப் அங்கயே இருக்கும், க்ளிக் பண்ணா திரும்ப லோட் ஆகும்.

பவர் பட்டனுக்கு முன்னாடி இன்னொரு வழியும் இருக்கு. ஆல்ட் + ப்ரிண்ட்ஸ்க்ரீன் + எஃப், கெர்னலே ஒரு பெரிய ப்ரோக்ராம கொல்லும். டெபியன்ல டீஃபால்ட்டா இந்த எஃப்க்கு அனுமதி கிடையாது, அந்த 99-ஸ்வாப் ஃபைல்லயே கெர்னல்.சிஸ்ஆர்க்யூ=1னு ஒரு லைன் சேருங்க. சில லேப்டாப்ல எஃப்என் கீயும் சேத்து அமுக்கணும்.


புதுசுங்க:

இவ்வளவுக்கு பேசாம 4 ஜிபி ரேம் வாங்கி போட்டா என்ன?


லோட்ஆவரேஜ்:

போடலாம், போட்டா தான் ஆல்பத்துக்கு நிரந்தர தீர்வு. என்2840 8 ஜிபி வரைக்கும் தாங்கும். ஆனா வாங்கும்போது டிடிஆர்3எல் கேட்டு வாங்கணும் அக்கா, அந்த "எல்" முக்கியம், 1.35 வோல்ட். சாதா டிடிஆர்3 1.5 வோல்ட், ஸ்லாட்ல பாக்க அப்படியே உக்காரும், ஆனா இந்த ப்ராசஸர்ல பூட் ஆகாது. ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கும், கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணு தான் மா"ன்னா நம்பாதீங்க, ஸ்டிக்கர்ல பிசி3எல்னு இருக்கான்னு நீங்களே பாருங்க. போறதுக்கு முன்னாடி பின் மூடிய கழட்டி ஸ்லாட் இருக்கா, இல்ல ரேம் போர்டுலயே பத்த வச்சிருக்கான்னு பாத்துக்கோங்க. சில மாடல்ல கழட்டவே முடியாது.


கடைக்கணினி:

கழட்டி பாத்தேன், ஒரே ஸ்லாட், ஒரு 2 ஜிபி ஸ்டிக், பிசி3எல்னு தான் போட்டிருக்கு. 4 ஜிபி வாங்கிடறேன். அப்ப பர்சென்ட் 75 மாத்தணுமா?


லோட்ஆவரேஜ்:

அத அப்படியே விடுங்க, பர்சென்ட்ங்கறதால தானா 3 ஜிபி கிட்ட போய்டும். ஒரு வாரம் ஓட்டிட்டு இசட்ராம்சிடிஎல் அவுட்புட்ட மட்டும் இங்க போடுங்க.